1000 என்று எழுதிய போத்தலுக்குள் 300

காலி வீதியில் ஒரு பாமசியில் மீன் எண்ணெய்க் குளிசை ஒரு போத்தல் வாங்கினால் இன்னொன்று இலவசமாம். அதைப் படம் பிடித்து அனுப்பி, "அண்ணை, ட்ரைகிளிசரைட் 286. இதை எடுக்கலாமோ?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மீன் எண்ணெய் வேலை செய்யும் தம்பி, அந்தப் போத்தல் செய்யாது. இதை ஒரு வரியில் அனுப்பினால் "ஏன்?" என்று திரும்பவும் கேட்பீர்கள். ஆகவே விரிவாக.

ட்ரைகிளிசரைட் என்பது இரத்தத்தில் ஓடும் ஒரு கொழுப்பு. டெசிலீற்றருக்கு 150 மில்லிகிராமுக்குக் கீழே சாதாரணம், 200க்கு மேலே அதிகம், 500க்கு மேலே ஆபத்து என்பதெல்லாம் ரிப்போர்ட்டின் ஓரத்திலேயே அச்சடித்திருக்கும். மில்லிமோலில் தரும் ஆய்வுகூடம் என்றால் 88.5 ஆல் பெருக்குங்கள்; 1.7 என்பதுதான் நமது 150.

இனி போத்தலைத் திருப்புங்கள். முன்பக்கம் பெரிதாக "1000 மி.கி." என்று இருக்கும். அது எண்ணெயின் நிறை. ட்ரைகிளிசரைட்டைக் குறைப்பது அந்த எண்ணெய்க்குள் இருக்கும் ஈபிஏ, டிஎச்ஏ என்ற இரண்டு கொழுப்பமிலங்கள் மட்டும். பின்பக்கத்துச் சின்ன எழுத்தில் ஈபிஏ 180, டிஎச்ஏ 120 என்று போட்டிருப்பார்கள். கூட்டினால் 300. மிச்சம் 700 மில்லிகிராம் வெறும் கொழுப்பு, அதற்கும் சேர்த்துத்தான் காசு. சில போத்தல்களில் "ஈபிஏ 360, டிஎச்ஏ 240" என்று பார்த்ததும் மனம் குளிரும். மேலே பார்த்தால் "ஒரு பரிமாறல்: 2 குளிசை" என்று இருக்கும். திரும்பவும் அதே 300தான். முன்பக்க எழுத்து விரல் மொத்தத்தில், பின்பக்க எழுத்து எறும்பளவில் இருப்பதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை. பொய் சொல்லவில்லை, உண்மைதான். சந்தையில் தராசுத் தட்டோடு சேர்த்து மீனை நிறுப்பவரும் அப்படித்தான் சொல்லுவார்.

சரி, எவ்வளவு தேவை? அமெரிக்க இதயச் சங்கத்தின் 2019 அறிக்கை பேசுவது நாளைக்கு 4 கிராம் மருந்துத்தர ஒமேகா-3 பற்றி; அதில் ஈபிஏ, டிஎச்ஏ மட்டும் 3 கிராமுக்கு மேல். 200க்கும் 499க்கும் இடையில் இருப்பவர்களுக்கு அது 20 முதல் 30 வீதம் வரை குறைக்கும். 2 கிராமுக்குக் கீழே போனால் ரிப்போர்ட்டில் தெரியுமளவுக்கு ஒன்றும் நடக்காது. இப்போது கணக்கைப் பாருங்கள். 300 மில்லிகிராம் குளிசையில் 3 கிராம் வேண்டுமென்றால் நாளைக்குப் பத்து. நூறு குளிசைப் போத்தல் பத்தாம் நாள் காலி. லேபிளோ "தினம் ஒன்று அல்லது இரண்டு" என்கிறது. அந்த ஒன்றை மூன்று மாதம் ஒழுங்காக விழுங்கிவிட்டு, "மீன் எண்ணெய் எனக்குச் சரிவரவில்லை" என்று சொல்பவர்கள் பாதிக் கொழும்பு. பிழை மீனில் இல்லை.

விலையை ஒப்பிட ஒரே வழி, போத்தல் விலையை மொத்த ஈபிஏ, டிஎச்ஏ கிராமால் பிரிப்பது. நூறு குளிசைப் போத்தல் 3,000 ரூபாய் என்று வையுங்கள். நூறு தடவை 0.3, அதாவது 30 கிராம். கிராம் 100 ரூபாய். செறிவு கூடிய, ஒரு குளிசையிலேயே 600 இருக்கும் அறுபது குளிசைப் போத்தல் 6,000 என்று வையுங்கள். 36 கிராம், கிராம் 167 ரூபாய். குளிசை எண்ணிக்கை பாதியாகும், பணப்பை பாரம் குறையாது. மலிந்த கணக்கிலேயே 3 கிராமுக்கு நாளைக்கு 300, மாதம் 9,000. கடையில் நின்று கைபேசியில் இந்த ஒரு வகுத்தலைச் செய்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இனி ஏப்பம். மீன் எண்ணெயை விடுகிறவர்களில் பலர் விடுவது இதனால்தான். காலையில் வெறும் வயிற்றில் போட்டு, மேலே சுடச்சுடப் பிளேன்டீ குடித்தால் ஜெலற்றின் உறை வயிற்றின் மேற்பகுதியிலேயே உருகி, பத்து மணிக் கூட்டத்தின் நடுவில் புறக்கோட்டை கருவாட்டுக் கடை வாசம் வரும். மத்தியானச் சோற்றுக்கு நடுவில் போடுங்கள். முதல் நாலு வாய், பிறகு குளிசை, பிறகு மிச்சச் சோறு. இரண்டாகப் பிரித்து இரவுச் சாப்பாட்டோடும் போடலாம். பலர் உறைநிலைப் பெட்டியில் வைத்து எடுக்கிறார்கள், அதுவும் உதவும். சாப்பாட்டோடு போடச் சொல்வது ஏப்பத்துக்காக மட்டும் இல்லை. மலிவான செறிவூட்டிய எண்ணெய்கள் பெரும்பாலும் எதைல் எஸ்டர் (ethyl ester) என்ற வேதி வடிவில் இருக்கும். கொழுப்புச் சாப்பாடு கூட இல்லாவிட்டால் அது குடலில் சரியாக உறிஞ்சப்படாது. எந்த வடிவம் என்று லேபிளில் இல்லாவிட்டால் ஒரு குளிசையைக் குத்தி, பழைய ரெஜிபோம் துண்டில் ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். எதைல் எஸ்டர் என்றால் ரெஜிபோம் உருகிக் குழி விழும். பயப்பட வேண்டாம், அது நஞ்சு என்பதற்கு அடையாளம் இல்லை. வடிவத்தை மட்டும் சொல்லும்.

குத்தின கையோடு மணந்தும் பாருங்கள். நல்ல எண்ணெயில் கடல் வாசம் லேசாக இருக்கும். பெயின்ற் டின் திறந்த மாதிரியோ பழைய பொரித்த எண்ணெய் மாதிரியோ மணந்தால் அது ஒக்சியேற்றமடைந்து கெட்டுவிட்டது. எலுமிச்சை வாசனை போட்ட குளிசையில் மூக்கை நம்ப முடியாது. நாக்கு நுனியில் ஒரு துளி வைத்தால் தெரியும். ஒமேகா-3 சூட்டுக்கும் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் ஆகாத சாமான். ஏப்ரல் வெயிலில் கடையின் முன் கண்ணாடி அலுமாரியில் வெயில் பட நிற்கும் போத்தலை நினைத்துக் கொள்ளுங்கள். "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்று மீன் எண்ணெயில் கண்டால் முதலில் பார்க்க வேண்டியது காலாவதித் திகதி. வாங்கியபின் குளிர்சாதனப் பெட்டிக்குள், மூடி இறுக்கி.

இன்னொரு குழப்பமும் உண்டு. மீன் எண்ணெய் வேறு, மீன் ஈரல் எண்ணெய் வேறு. சின்ன வயதில் அம்மா கரண்டியில் ஊற்றித் தந்தது ஈரல் எண்ணெய். அதில் விற்றமின் ஏ, டி இரண்டும் இருக்கும். ஒமேகா அளவை எட்டுவதற்காக அதைப் பத்துப் பத்தாக விழுங்கினால் விற்றமின் ஏ மிஞ்சி ஈரலைப் பிடிக்கும். பாமசியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், நிறமும் ஒன்று.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடையில் கிடைக்கும் "இயற்கை" வகையறாக்களில் சரியான அளவில் எடுத்தால் சொன்னதைச் செய்வது மீன் எண்ணெய் ஒன்றுதான். மற்றவற்றைப் பாருங்கள். கறுவா நம் நாட்டுப் பெருமை. மற்ற நாட்டுக் கசியாக் கறுவாவைவிட நம்முடையதில் ஈரலைத் தாக்கும் கூமரின் மிகக் குறைவு என்பதால் ஈரலுக்குப் பாதுகாப்பு, ஆனால் ட்ரைகிளிசரைட்டுக்கு நம்பக்கூடிய சாட்சி இல்லை. உள்ளிக் குளிசைக்கும் அதே கதை. இசப்கோல் நல்லது, ஆனால் அது எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரோலைத்தான் குறைக்கும். நயாசின் என்ற விற்றமின் பி3 கிராம் கணக்கில் எடுத்தால் உண்மையிலேயே குறைக்கும், முகம் மிளகாய் பூசின மாதிரி எரியும், சர்க்கரையும் ஏறும். 2011இலும் 2014இலும் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் கொலஸ்ட்ரோல் மருந்தான ஸ்டேட்டினோடு சேர்த்துக் கொடுத்தும் மாரடைப்பு குறையவில்லை. எரியாத நயாசின் என்று விற்பது எரியாது, வேலையும் செய்யாது.

மீன் எண்ணெயும் இந்த மாரடைப்புக் கேள்வியில் முழு மார்க் வாங்கவில்லை. 2018இல் ரிடியூஸ்-இட் ஆய்வில் சுத்தமான ஈபிஏ மருந்து நாளைக்கு 4 கிராம் கொடுத்தபோது இதய நோய் நிகழ்வுகள் 25 வீதம் குறைந்தன. 2020இல் ஸ்ட்ரெங்த் ஆய்வில் ஈபிஏயும் டிஎச்ஏயும் கலந்த மருந்து அதே 4 கிராமில் அந்த நிகழ்வுகளைக் குறைக்கவில்லை. முதல் ஆய்வில் மருந்துக்குப் பதிலாக மற்றக் குழுவுக்கு ஒப்பீட்டுக்குக் கொடுத்த கனிய எண்ணெயே அவர்களைக் கெடுத்து, மருந்தை நல்லதாகக் காட்டியிருக்குமோ என்ற சண்டை இன்னும் முடியவில்லை. இரண்டிலும் ஒன்று மட்டும் ஒத்துப்போனது: இந்த அளவில் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் கூடியது. படபடப்பு உள்ளவர்கள், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் பத்துக் குளிசைக்குப் போகக் கூடாது.

இவ்வளவு காசையும் ஏப்பத்தையும் தாங்குவதைவிட வெள்ளவத்தைச் சந்தைக்குக் காலையில் போகலாம். சாளை, கும்பிளா இரண்டும் எண்ணெய் மீன். நூறு கிராம் சாளைச் சதையில் ஏறத்தாழ ஒரு கிராம் ஈபிஏ, டிஎச்ஏ இருக்கும். பருவத்துக்குப் பருவம் மாறும். மூன்று குளிசைக்குச் சமம், அதோடு சாப்பாடும் ஆயிற்று. கொழும்பில் விருந்தாளிக்கு வெட்டும் அறுக்குளாத் துண்டும் சூரையும் அதன் கிட்டவே வராது. டின் மீனும் பரவாயில்லை. 425 கிராம் டின்னைத் திறந்து உப்புத் தண்ணீரை வடித்துவிட்டுச் சமைக்கலாம்.

பொரித்தால் போச்சு. பொரிக்கும்போது மீனின் கொழுப்பு சட்டிக்கும் சட்டியின் எண்ணெய் மீனுக்கும் இடம் மாறும். கொரக்காப்புளி போட்டு வற்ற வைப்பதுதான் சாளைக்கு வாய்த்த வழி. அரைக் கிலோ சாளைக்குத் தலை, குடல் எடுத்து உப்புத் தண்ணீரில் இரண்டு தரம் அலசுங்கள். மூன்று நாலு கொரக்காவை ஊற வைத்து, மிளகு ஒரு மேசைக்கரண்டி, உள்ளி நாலு பல், உப்புடன் அரைத்துப் பூசுங்கள். மண் சட்டியின் அடியில் கறிவேப்பிலை, அதன் மேல் மீன் ஒரு வரிசை, திரும்பக் கறிவேப்பிலை என்று அடுக்கி, அரைக் கோப்பைத் தண்ணீர் ஊற்றி மூடி, சிறுதீயில் இருபத்தைந்து நிமிடம். கிண்டக் கூடாது, சட்டியை ஆட்டினால் போதும். மறுநாள் இன்னும் ருசி. யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்குபவர்களுக்கு மட்டும் சாளை அடிக்கடி ஒத்துவராது.

மீனிலிருந்து மட்டும் நாளைக்கு 3 கிராம் எடுக்க 300 கிராம் சாப்பிட வேண்டும். தினமும் முடியாத காரியம். ஆனால் மீனின் உண்மையான கெட்டித்தனம் தட்டில் அது பிடிக்கும் இடம். இரண்டு சாளை கூடினால் ஒரு அகப்பை சோறு குறையும். ட்ரைகிளிசரைட்டுக்கு அந்த ஒரு அகப்பைதான் விஷயம்.

ரிப்போர்ட் வந்ததும் வீட்டில் முதல் வெட்டு விழுவது தேங்காய்ப்பாலுக்கும் முட்டைக்கும் இறாலுக்கும். சொதி நிற்கும், சம்பல் நிற்கும். பசிக்குமே! பாண் கூடும், கிரீம் கிரேக்கர் கூடும், இடியப்பம் ஐந்து எட்டாகும். மூன்று மாதத்தில் எண் 286இலிருந்து 320க்கு ஏறி ஆளைக் குழப்பும். இரத்தத்தில் மிதக்கும் ட்ரைகிளிசரைட்டில் பெரும்பகுதி ஈரல் செய்து அனுப்புவது. தேவைக்கு மிஞ்சிய சீனியையும் மாவையும் ஈரல் கொழுப்பாக்கி, இரத்தத்தில் அதைச் சுமந்து செல்லும் விஎல்டிஎல் என்ற பொதியில் ஏற்றி விடுகிறது. தேங்காய் எல்டிஎல்லை ஏற்றும், அது வேறு வழக்கு. அதைக் குறைப்பது நல்லது, ஆனால் 286க்குக் குற்றவாளி தேங்காய் இல்லை.

மத்தியானச் சோற்றுப் பார்சலைப் பிரித்து ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். சோறு மட்டும் 350 கிராம் இருந்தால் ஏறத்தாழ 100 கிராம் மாவுச்சத்து. கால் இறாத்தல் பாண் 50 கிராமுக்கு மேல். சிவப்பரிசிக்கு மாறினேன், குரக்கன் பிட்டுக்கு மாறினேன் என்பவர்கள் அளவை மாற்றாவிட்டால் பெரிதாக ஒன்றும் மாறாது. நூறு கிராம் குரக்கன் மாவிலும் எழுபது கிராம் மாவுச்சத்துதான். மெதுவாகச் செரிக்கும் என்பது மட்டும் இலாபம். சோறு ஒரு தேநீர்க் கோப்பை, வெட்டி மட்டப்படுத்தியது. மிச்ச இடத்தில் வல்லாரைச் சம்பல், கங்குன், பருப்பு, மீன்.

அதைவிடப் பெரிய கள்ளன் தேநீர். அலுவலகத்தில் ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி. மட்டமான கரண்டி 4 கிராம், நம் வீட்டுக் குவித்த கரண்டி 6. ஐந்து கோப்பையில் 40 முதல் 60 கிராம். சீனியில் பாதி ஃபிரக்டோஸ், அது நேரே ஈரலுக்குப் போய்க் கொழுப்பாகும் சரக்கு. சீனியை விட்டுவிட்டுப் பனங்கட்டி கடித்துக் குடிப்பதும் கித்துள் பாணி ஊற்றுவதும் தேன் கலப்பதும் பெயர் மாற்றம்தான், ஈரல் பெயர் கேட்பதில்லை. குளிர்பானங்களில் 2016 முதல் சீனி வட்டம் போடுகிறார்கள். 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள். மஞ்சள்தானே என்று 10 கிராம் உள்ள 400 மில்லிப் போத்தலைக் குடித்தால் 40 கிராம் சீனி. பழச்சாறும் விதிவிலக்கு இல்லை. கோப்பைக்கு இரண்டை ஒன்றாக்கி, இரண்டு கிழமை கழித்துப் பாதியாக்கி, பிறகு நிறுத்தினால் நாக்கு முரண்டு பிடிக்காது. சாராயத்தைப் பற்றித் தம்பி கேட்கவில்லை, வேண்டுமென்றே கேட்கவில்லை என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமைச் சாராயமும் கூட வரும் பொரியலும் சேர்ந்து திங்கட்கிழமை ரிப்போர்ட்டில் வந்து உட்காரும்.

நடையும் குளிசை மாதிரி, ஒரு டோஸ் ஒரு நாள்தான். தசையிலிருக்கும் லிப்போபுரோட்டீன் லிப்பேஸ் நொதி நடந்த பிறகு பல மணி நேரம் சுறுசுறுப்பாக இரத்தக் கொழுப்பை இழுக்கும், பிறகு ஓய்ந்துவிடும். ஞாயிறு காலிமுகத்திடலில் இரண்டு மணித்தியாலம் நடந்து, திரும்பி வரும்போது இறால் வடை சாப்பிடுவதைவிட, மெரின் டிரைவில் நாளுக்கு நாற்பது நிமிடம் வேகமாக நடப்பது பயன். உடல் எடையில் 5 முதல் 10 வீதம் குறைந்தால் ட்ரைகிளிசரைட் 20 வீதம் அளவில் குறையும். முழு அளவு மீன் எண்ணெய் தரும் இறக்கம் இதுதான், மாதம் 9,000 இல்லாமல்.

எண்ணை நம்புவதற்கும் ஒரு முறை இருக்கிறது. ட்ரைகிளிசரைட் நாளுக்கு நாள் 20 வீதம் தானாகவே ஆடும். 210 இருந்தது கறுவாத் தண்ணீர் குடித்து 175 ஆயிற்று என்பவர் கறுவா குடிக்காமலும் 175 பார்த்திருக்கலாம். முந்தின இரவு எட்டு மணிக்குச் சாதாரணச் சாப்பாடு, பிறகு தண்ணீர் மட்டும், காலை எட்டு மணிக்கு இரத்தம். அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாள் கல்யாண வீடும் சாராயமும் வேண்டாம். காய்ச்சலோடு போகக் கூடாது. எட்டு முதல் பன்னிரண்டு கிழமை கழித்து அதே ஆய்வுகூடத்தில் திரும்பவும்.

அப்போது எல்டிஎல் ஏறியிருப்பதைக் கண்டு பலர் அலறுவார்கள். அநேகமான ரிப்போர்ட்டுகளில் எல்டிஎல் அளக்கப்படுவதில்லை, மொத்தக் கொலஸ்ட்ரோலிலிருந்து எச்டிஎல் என்ற நல்ல கொலஸ்ட்ரோலையும் ட்ரைகிளிசரைட்டின் ஐந்திலொன்றையும் கழித்து வருவது. மொத்தம் 220, எச்டிஎல் 35, ட்ரைகிளிசரைட் 300 என்றால் எல்டிஎல் 125. பிறகு மொத்தம் 210, எச்டிஎல் 40, ட்ரைகிளிசரைட் 150 என்றால் எல்டிஎல் 140. எல்லாம் நல்லாகியும் இது மட்டும் கூடின மாதிரித் தெரியும். மொத்தத்திலிருந்து எச்டிஎல்லை மட்டும் கழியுங்கள்: 185 இப்போது 170. ட்ரைகிளிசரைட் 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கே செல்லாது, அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருப்பார்கள். மீன் எண்ணெயில் டிஎச்ஏ உண்மையாகவே எல்டிஎல்லைக் கொஞ்சம் ஏற்றும் என்பதால் 140 இன்னும் கூடிக்கொண்டே போனால் அதையும் கவனிக்க வேண்டும்.

முதல் ரிப்போர்ட்டோடேயே மூன்று மாதச் சர்க்கரையின் சராசரிக்கு எச்பிஏ1சி, தைரொயிட்டுக்கு டிஎஸ்எச், சிறுநீரகத்துக்குக் கிரியாற்றினின் மூன்றையும் பார்த்துவிடுங்கள். கட்டுப்படாத சர்க்கரையோ மந்தத் தைரொயிட்டோ இருந்தால் சாளையும் குளிசையும் ஓட்டைச் சட்டியில் ஊற்றும் தண்ணீர். ஸ்டீரொயிட், சில பிரஷர் மருந்துகள், ஈஸ்ட்ரோஜன் குளிசைகளும் ஏற்றும். தானாக நிறுத்தாமல் வைத்தியரிடம் பட்டியலைக் காட்டுங்கள். 500க்கு மேல் என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு வைத்தியரிடம் போக வேண்டும். ஆயிரத்தைத் தாண்டியவர்களுக்கு மேலே சொன்ன தேங்காய் மன்னிப்பும் செல்லாது, எல்லாக் கொழுப்பையும் கடுமையாக வெட்ட வேண்டி வரும். மேல் வயிற்றில் தாங்காத வலி முதுகுக்கு ஓடி வாந்தியும் வந்தால் அது கணைய அழற்சியாக இருக்கலாம். விடியும் வரை பார்க்கக் கூடாது, உடனே வைத்தியசாலை.

மதிப்பெண் கேட்டால் செறிவு கூடிய நல்ல மீன் எண்ணெய்க்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன், கூசாமல். ஆனால் முன்பக்கத்தில் 600 என்று நேரே எழுதும் ஒரு போத்தல் கண்ணில் படும்வரை என் காசு மீன் கடைக்குத்தான். தம்பி, அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஈபிஏ 180, டிஎச்ஏ 120, காலாவதிக்கு ஏழு கிழமை. இரண்டு போத்தலும் சேர்ந்து 200 குளிசை, சரியான அளவில் எடுத்தால் இருபது நாளில் முடியும். நீங்கள் நாளைக்கு ஒன்றுதான் போடுவீர்கள். ஏழு கிழமையில் நாற்பத்தொன்பது.